நாடு கடத்தப்பட்டு வந்தவர் மீது வழக்கு: திருகோணமலையில் துணைநிற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அந்தத் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் விடியப்புறத்தில்தான் வரும். "அம்மா, கட்டுநாயக்கவில நிக்கிறன். பயப்படாதீங்க" என்று ஒரு குரல். அதோடு துண்டித்துவிடும். அவுஸ்திரேலியாவிலோ பிரித்தானியாவிலோ அகதி அந்தஸ்துக் கேட்டு, அது மறுக்கப்பட்டு, மகனை விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். வந்து இறங்கியதும் அடுத்த பிரச்சினை தொடங்குகிறது: சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போனதற்கு வழக்கு.

சல்லி, திருக்கடலூர், குச்சவெளி, மூதூர் என்று இப்படியான சில வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். முதல் நாள் எல்லா வீட்டிலும் ஒரே காட்சிதான். அயலவர்கள் முற்றத்தில் கூடி நிற்பார்கள். பேஸ்புக்கில் போடு என்பார் ஒருவர், போடவே கூடாது என்பார் இன்னொருவர், எம்.பி.யைப் பிடி என்பார் மூன்றாமவர். அம்மா நடுவில் இருந்து எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முற்றத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தரணிகளுக்குப் பின்னால் கோப்போடு ஓடித்திரிந்தவன். சட்ட முடிவு எதையும் உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டே எடுங்கள்.

முதல் 24 மணி நேரம்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரிகள், அரச புலனாய்வுச் சேவை, சி.ஐ.டி. (குற்றப் புலனாய்வுத் திணைக்களம்) என்று மூன்று தரப்பும் விசாரிக்கும். புகைப்படம், கைரேகை எடுப்பார்கள். சொந்த ஊர்ப் பொலிஸுக்குத் தொடர்புகொண்டு பழைய வழக்கு, பிடியாணை ஏதும் உண்டா என்று கேட்பார்கள். இதற்குப் பல மணி நேரம் போகும். படகில் போனவர் என்றாலோ வேறொருவர் கடவுச்சீட்டில் போனவர் என்றாலோ கைதுசெய்து, பெரும்பாலும் நீர்கொழும்பு நீதவான் முன் நிறுத்துவார்கள். சாதாரண சட்டத்தின் கீழ் கைதான ஒருவரை 24 மணி நேரத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். வார இறுதியோ போயா விடுமுறையோ வந்தால் நீர்கொழும்புச் சிறையில் ஓரிரு இரவு கழியலாம். அதைக் கேட்டு அம்மா பதறுவார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இந்த நேரத்தில் உங்கள் வேலை ஒன்றே ஒன்று: பிணைக்கு ஆள் அனுப்புவது. குற்றத்தை மறுத்தால் நீதவான் வழக்கமாகப் பிணை கொடுப்பார், ஆனால் பல வேளைகளில் கையெழுத்திடக் குடும்பத்தார் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். ஆள் வராததால் மட்டும் உள்ளே கிடந்த பிள்ளைகள் உண்டு. இங்கிருந்து நீர்கொழும்பு 200 கிலோமீற்றருக்கு மேல். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக இரவு பஸ் பிடித்தால்தான் காலையில் கோர்ட் கூடும்போது வாசலில் நிற்கலாம். ஒருவரை அனுப்பாதீர்கள், இருவரை அனுப்புங்கள். ஒருவருடைய ஆவணத்தில் பிழை இருந்தால் மற்றவர் கைகொடுப்பார்.

கொண்டுபோக வேண்டியவை: ஆளடையாள அட்டை, அதன் பிரதிகள், கிராம சேவகரிடம் எடுத்துப் பிரதேச செயலகத்தில் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்று, உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், பிணைப் பணம் கட்டச் சொன்னால் கட்டக் கையில் கொஞ்சம் காசு. பெயர்களின் எழுத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தடவை ஒரு தாயின் ஆளடையாள அட்டையில் ஒரு பெயர், மகனின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர். எந்த நீதிமன்றம் என்று சொல்ல விரும்பவில்லை. அங்கே அந்த அம்மா சொப்பிங் பையில் இருந்த காகிதம் முழுவதையும் மேசையில் கொட்டி, "ரெண்டும் நான்தான் ஐயா, ரெண்டும் நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கும்போது பின்னேரமாகிவிட்டது. அன்று பிணை கிடைக்கவில்லை. 2 பெயர் இருக்கும் குடும்பம் என்றால் அந்தச் சத்தியக்கடதாசியை இன்றைக்கே எடுத்துவையுங்கள்.

மொழி இன்னொரு பொறி. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். நீர்கொழும்பில் சிங்களம். வாக்குமூலமும் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும். வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்தாத எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று வாய்ப்புக் கிடைத்த முதல் அழைப்பிலேயே அவரிடம் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அவருக்கு அரசியலமைப்பு தந்த உரிமை, யாரும் செய்யும் உதவி அல்ல. பொலிஸ் நிலையத்திலும் சட்டத்தரணி அவருக்காக முன்னிலையாகலாம், அதற்கு 2012 முதல் தனி விதிகளே இருக்கின்றன.

காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978 இல் சட்டம் போட்டு உருவாக்கிய அரச நிறுவனம். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி ஒழுங்குசெய்து தரும்.

என்ன குற்றச்சாட்டு என்று காகிதத்தில் பாருங்கள்

"களவாப் போன வழக்கு" என்று ஊரில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்வோம். உள்ளே வித்தியாசம் நிறைய. அதைத் தெரியாமல் தொடங்கும் பிரசாரம் தவறான ஆளிடம் தவறான கோரிக்கையோடு போய் நிற்கும். சட்டத்தரணி மூலம் பொலிஸார் தாக்கல் செய்த பி அறிக்கையின் பிரதியை எடுங்கள். அதில் என்ன சட்டம், என்ன பிரிவு என்று இருக்கும்.

பெரும்பாலானவை 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின் கீழ் வரும். அனுமதிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ அல்லாத இடத்தால் வெளியேறியது 34 ஆம் பிரிவையும் 45(1)(ஆ) பிரிவையும் மீறிய குற்றம். சட்டத்தில் 5 வருடம் வரை சிறை, 2 இலட்சம் ரூபா வரை தண்டம் என்று எழுதியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் இடிந்துபோக வேண்டாம். நடைமுறையில் பயணியாக மட்டும் போனவர்களுக்குத் தண்டப்பணம்தான் விதிக்கிறார்கள். பயணியாகப் போன ஒருவருக்கும் இதற்காகச் சிறைத் தண்டனை கொடுக்கப்படவில்லை என்று சட்டமா அதிபர் திணைக்களம் சொன்னதாக அவுஸ்திரேலிய வெளிவிவகாரத் திணைக்களத்தின் அறிக்கைகளே எழுதியிருக்கின்றன.

படகை ஒழுங்குசெய்தார், ஆள் சேர்த்தார், ஓட்டினார் என்று குற்றம்சாட்டினால் கதை வேறு. பிணை இலகுவில் கிடைக்காது, மாதக் கணக்கில் விளக்கமறியல் நீளும். எங்கள் கரையோரத்துக்கு இது பெரிய விஷயம். கடல் தெரிந்த பொடியனிடம், "நீ சுக்கான் பிடி, உனக்குக் காசு வேண்டாம்" என்று சொல்லித்தான் ஏற்றுகிறார்கள். ஏஜென்ட் கரையில் நின்றுவிடுவான். கடைசியில் 'ஓட்டி' என்று பிடிபடுவது அந்தப் பொடியன்தான். 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் தத்தளித்த ரோஹிங்யா மக்கள் 100 பேருக்கு மேல் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். சாப்பாட்டுப் பார்சலோடு ஓடினோம். அவர்களிலும் 12 பேர் படகோட்டிகள் என்று பிரிக்கப்பட்டு விளக்கமறியலுக்குப் போனார்கள். சுக்கான் பிடித்தவன் வேறு, காசு வாங்கியவன் வேறு. உங்கள் வழக்கு இந்த வகை என்றால் அந்த வித்தியாசத்தைக் காட்டும் சாட்சியம் தேடுவதுதான் முதல் வேலை: அவருடைய வங்கிப் புத்தகம், குடும்பத்தின் கடன் பத்திரம், அடகுச் சீட்டு, கூடவே போனவர்களின் வாக்குமூலம். எல்லாவற்றையும் சட்டத்தரணியிடம் கொடுங்கள், வெளியே விடாதீர்கள்.

மூன்றாவது, பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979 இன் இந்தச் சட்டத்தின் கீழ் 24 மணி நேரம் என்ற கணக்கு செல்லாது. 72 மணி நேரம் வைத்திருக்கலாம், அப்புறம் தடுப்பு உத்தரவு வரும். 2022 திருத்தத்துக்குப் பிறகும் 12 மாதம் வரை நீடிக்கலாம். உயர் தரப் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் இந்தச் சட்டத்தில் சாட்சியமாகிவிடும், சாதாரண வழக்கில் அப்படி இல்லை. இந்தப் பெயர் காதில் விழுந்த உடனே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். இந்தக் கைதை 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அறிவித்தார்களா என்று கேளுங்கள்.

எதையும் தொடங்குமுன் அவரைக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

வழக்கு அவருடையது. முகம் அவருடையது. நாளைக்கு இதே ஊரில் கடைக்குப் போகப்போவதும், இதே பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் சைக்கிளில் கடக்கப்போவதும் அவர்தான். பிரசாரம் வேண்டுமா, வேண்டுமென்றால் பெயர் போடலாமா, படம் போடலாமா, யாருக்கு என்ன சொல்லலாம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சிறையில் இருந்தால் சட்டத்தரணி மூலம் கேளுங்கள். அம்மா சொன்னால் போதாது. பதிலை எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மனம் மாறினால் அன்றைக்கே நிறுத்துவோம் என்றும் அதில் எழுதுங்கள்.

அவர் வெளிநாட்டில் அகதிக் கோரிக்கையில் என்ன சொன்னார் என்பதை ஒருபோதும் வெளியிடாதீர்கள். யாரால் அச்சுறுத்தல், எந்த இயக்கத்தில் யார் இருந்தார், எந்த அண்ணன் காணாமல் போனார் என்று அந்த நாட்டு அதிகாரியை நம்பிச் சொன்ன விபரங்கள் அவை. கோரிக்கை கேட்டவரின் சொந்த நாட்டு அரசிடம் அதைச் சொல்லக் கூடாது என்பது அகதிப் பாதுகாப்பின் அடிப்படை விதி. வெளிநாட்டு அரசு காக்க வேண்டிய அந்த இரகசியத்தை, இரக்கத்தோடு நாங்களே பேஸ்புக்கில் போட்டுவிடுகிறோம்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு பொடியனுக்காகப் பதிவு போட்டோம். மறுக்கப்பட்ட கோரிக்கையில் எவ்வளவு உண்மை இருந்தது என்று காட்ட நினைத்து, அவன் சொன்னதில் 2 வரியைச் சேர்த்தோம். பதிவு பறந்தது, எங்களுக்குச் சந்தோசம். அடுத்த கிழமை சிவில் உடையில் 2 பேர் அவன் வீட்டுக்கு வந்து, அந்த 2 வரியையும் அப்படியே வாசித்துக் காட்டி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவன் எங்களிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணா, அதைக் கொஞ்சம் எடுத்துவிடுங்க" என்று மட்டும் சொன்னான். எடுத்தோம். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் பகிர்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து எழுத்தில் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் வெளியே போவதில்லை.

சின்னக் குழு, ஒரு கொப்பி

5 பேர் போதும். ஒருவர் சட்டத்தரணியோடு பேசுவார், அவர் மட்டும்தான் பேசுவார். ஒருவர் குடும்பத்தோடு. ஒருவர் வெளியாட்களோடு, அதாவது ஊடகம், அமைப்புகள், வெளிநாட்டு உறவுகள். ஒருவர் காசுக் கணக்கு. ஒருவர் தவணைக் கொப்பி, அதாவது வழக்கு கூப்பிடும் ஒவ்வொரு நாளையும் எழுதும் கொப்பி.

அந்தக் கொப்பியில் ஒவ்வொரு தவணைக்கும் திகதி, வழக்கு இலக்கம், யார் முன்னிலையானார், நீதவான் என்ன சொன்னார், அடுத்த திகதி எது என்று எழுதுங்கள். 2 வருடம் கழித்து, "இத்தனை தவணை, அதில் இத்தனையில் பொலிஸ் தரப்பு தயாராக வரவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் இந்தக் கொப்பிதான் பேசும்.

காசு விஷயத்தில் நேர்மை மட்டும் போதாது, எச்சரிக்கையும் வேண்டும். வங்கிக் கணக்கை 2 பேர் கையெழுத்தில் திறந்து, ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் ஒட்டிவையுங்கள். வெளிநாட்டிலிருந்து யார் அனுப்புகிறார் என்று தெரியாத பணத்தை வாங்காதீர்கள். அரசு வர்த்தமானியில் தடைப்பட்டியல் போட்டு அமைப்புகளையும் தனிநபர்களையும் பெயர் குறித்திருக்கிறது, பயங்கரவாதத்துக்கு நிதி சேர்ப்பதற்கு எதிராக 2005 இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. நல்ல மனதோடு அனுப்பிய பணம் அந்தப் பட்டியலில் உள்ள ஒருவரிடமிருந்து வந்தால், களவாகப் போன வழக்கு வேறொரு வழக்காக மாறிவிடும். பட்டியலைப் பாருங்கள். சந்தேகம் என்றால் திருப்பி அனுப்புங்கள்.

தவணைக்குப் போவதுதான் பிரசாரத்தின் பெரும்பகுதி

ஊர்வலத்தை விட, அறிக்கையை விட, ஒரு தவணையில் 10 பேர் அமைதியாக உட்கார்ந்திருப்பது அவருக்குத் தரும் பலம் பெரிது. கூண்டில் நிற்பவர் திரும்பிப் பார்க்கும்போது தெரிந்த முகம் ஒன்று இருக்க வேண்டும். சட்டத்தரணிக்கும் அது தெரியும். சொல்லிக் கேட்டும் வராமல் ஜூனியரை அனுப்பியவர், ஊர் ஆட்கள் பின் வாங்கில் உட்காரத் தொடங்கிய பிறகு தானே வரத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

துப்புரவான உடுப்பு, கால் மூடும் செருப்பு, போன் நிறுத்தி வைக்க வேண்டும். வாசகம் எழுதிய ரீசேர்ட் வேண்டாம். உள்ளே படம், வீடியோ எடுக்கவே கூடாது. சாப்பாட்டுப் பார்சலும் தண்ணீரும் கொண்டுபோங்கள். பெயர் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, வெளியே தேத்தண்ணிக்குப் போன 10 நிமிடத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். தவணைக்கு வராவிட்டால் பிடியாணை. காய்ச்சல் என்றாலும் மருத்துவச் சான்றோடு சட்டத்தரணி நிற்க வேண்டும்.

செலவுதான் மெதுவாக மனிதரை உடைக்கும். தண்டப்பணத்தை விடத் தவணைக்குப் போய்வந்த காசு கூடிய குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு தவணை என்றால் 2 பேருக்கு நீர்கொழும்புக்குப் போய்வரும் பஸ் காசு, 2 நாள் கூலி, தொழிலுக்குப் போகாத 2 இரவு. ஆகவே சேர்க்கும் பணத்தில் முதல் பங்கு பயணத்துக்கு. அவர் படகேறியது கிழக்குக் கரையில் என்றால் வழக்கை இங்குள்ள நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்க முடியுமா என்று சட்டத்தரணியிடம் முதல் மாதத்திலேயே கேளுங்கள். மாறினால் தமிழில் நடக்கும், அம்மாவும் வந்து உட்காரலாம்.

இழுபடும் என்பதற்கு மனதைத் தயார்செய்யுங்கள். இந்த ஊருக்கு அது புதிதல்ல. 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட 5 மாணவர்களின் வழக்கு 2019 ஜூலை வரை இழுபட்டு, குற்றம்சாட்டப்பட்ட 13 பேரும் விடுவிக்கப்பட்டதோடு முடிந்ததைப் பார்த்த ஊர் இது. முதல் தவணைக்கு 40 பேர் வருவார்கள், ஆறாவதுக்கு 3 பேர். இப்போதே முறை வைத்து, எந்தத் தவணைக்கு யார் என்று கொப்பியில் எழுதிவிடுங்கள்.

ஒப்புக்கொள்வதா, மறுப்பதா

குற்றத்தை ஒப்புக்கொண்டால் பயணியாகப் போனவருக்குத் தண்டப்பணம், அதைப் பகுதி பகுதியாகக் கட்டவும் விடுவார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ஆனால் குற்றவாளி என்ற பதிவு விழும். பின்னொரு நாள் வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போது அது வந்து நிற்கும். மறுத்தால் பதிவு இல்லாமல் தப்பும் வாய்ப்பு உண்டு, கூடவே வருடக் கணக்கில் தவணையும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306 ஆம் பிரிவின் கீழ், தண்டனை விதிக்காமல் நிபந்தனையோடு விடுவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. இந்த வழக்குக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாமா என்று சட்டத்தரணியிடம் விசாரியுங்கள்.

எங்கள் கருத்து இங்கே வேண்டாம். நாட்டை விட்டு வெளியேறும் சுதந்திரம் சர்வதேச உடன்படிக்கையில் இருக்கிறது, இலங்கை அதில் 1980 இலேயே சேர்ந்தது, ஆகவே இந்தச் சட்டத்தையே எதிர்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்கிறது. அந்த ஆசைக்காக ஒரு பொடியனை, "ஒப்புக்கொள்ளாதே, போராடு" என்று தள்ளக் கூடாது. வட்டிக்குக் கடன் வாங்கிப் படகேறியவன் அவன். நாளைக்கே தொழிலுக்குப் போக வேண்டும் என்றால் அது அவன் முடிவு.

வெளியே பேசும்போது

நீதவானுக்கு நேரடியாகக் கடிதம், மனு எழுதவே எழுதாதீர்கள். வழக்கு நடக்கும்போது தீர்ப்பு இப்படி வர வேண்டும் என்றோ நீதவான் பக்கச்சார்பு என்றோ எழுதுவது கூண்டில் நிற்பவரைத்தான் பாதிக்கும், உங்களையும் பாதிக்கும். நீதிமன்ற அவமதிப்புக்கு 2024 இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அதே வருடம் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொய்யான கூற்று என்று சொல்லி வழக்குப் போட இடம் தருகிறது. ஆகவே நீங்கள் நிரூபிக்கக்கூடிய, காகிதம் உள்ள விஷயத்தை மட்டும் எழுதுங்கள். எத்தனை நாள் விளக்கமறியல், எத்தனை தவணை, குடும்பத்தில் எத்தனை பேர், அவருக்கு என்ன நோய். இவ்வளவும் போதும்.

கடிதம் போக வேண்டிய இடங்கள் சட்டமா அதிபர், மனித உரிமைகள் ஆணைக்குழு, மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், அவரைத் திருப்பி அனுப்பிய நாட்டின் தூதரகம். ஒரு மாதிரி தருகிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பி, அனுப்புமுன் சட்டத்தரணிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

"மதிப்புக்குரிய ஐயா / அம்மணி, எங்கள் கிராமத்தைச் சேர்ந்த ……… என்பவர் மீது ……… நீதவான் நீதிமன்றத்தில் ……… இலக்க வழக்கு நிலுவையில் உள்ளது. அவர் ……… ஆம் திகதி நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இதுவரை ……… தவணைகளுக்கு ஒன்றும் தவறாமல் சமுகமளித்துள்ளார். ……… பேர் அவருடைய உழைப்பில் வாழ்கின்றனர். வழக்கைத் தாமதமின்றி முடிவுக்குக் கொண்டுவரவும், அவர் பயணியாக மட்டுமே சென்றவர் என்பதற்குச் சட்டத்தரணி சமர்ப்பித்துள்ள ஆவணங்களைக் கவனத்தில் எடுக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கீழே கையொப்பமிட்டுள்ளோர் அவரைச் சிறுவயது முதல் அறிவோம்."

பதிவுத் தபாலில் அனுப்பி, சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். ஊரில் யார் கையெழுத்துக்குக் கனம் என்று உங்களுக்கே தெரியும்: கோயில் அறங்காவலர், பங்குத் தந்தை, பள்ளிவாசல் தலைவர், பாடசாலை அதிபர், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர். மூதூர், கிண்ணியா என்று தமிழும் முஸ்லிமும் கலந்து வாழும் மாவட்டத்தில் எல்லோருடைய கையெழுத்தையும் எடுங்கள்.

சிங்களக் குடும்பங்களையும் மறக்காதீர்கள். 2014 ஜூலையில் அவுஸ்திரேலியா நடுக்கடலில் வைத்து இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்த 41 பேரைக் காலி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர். நீர்கொழும்பு வாசலில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் தாய் சிலாபத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். அவருக்கும் அதே சட்டம், அதே தண்டம். சேர்ந்து ஒரு கடிதம் போனால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

வீதியில் நிற்க வேண்டும் என்றால்: அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை தரும் உரிமை. ஊர்வலமாக நடப்பதென்றால் 6 மணி நேரத்துக்கு முன் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், ஒலிபெருக்கிக்கு அனுமதி தனி. நீதிமன்ற வாசலில் கோஷம் வேண்டாம், அது வழக்குக்கு நல்லதல்ல. படம் எடுப்பார்கள் என்று வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அரச உத்தியோகத்தில் இருப்பவர், வேறு வழக்கு உள்ளவர் வீட்டிலிருந்தே உதவட்டும்.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு வேலை உண்டு. கோரிக்கையை மறுத்த நாட்டில் அவருக்கு நின்ற சட்டத்தரணியிடம் கோப்பு முழுவதையும் கேட்டு எடுப்பது, அங்குள்ள தங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுவது. திரும்பி வந்தவருக்கு இங்கே என்ன நடக்கிறது என்ற நம்பகமான பதிவு, அதே நாட்டில் இன்னும் முடிவுக்குக் காத்திருக்கும் வேறொருவரின் வழக்கில் உதவும். கோபத்தில் அங்கிருந்து எழுதும் ஒரு பதிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இங்கே இருப்பவர் என்பதை அவர்களுக்கு அன்பாக, ஆனால் திருத்தமாகச் சொல்லுங்கள்.

அடித்தார்கள் என்று சொன்னால்

அன்றைக்கே செயல்படுங்கள். காயம் ஆறிவிடும், சாட்சியம் போய்விடும். நீதவான் முன் நிற்கும்போதே சட்டத்தரணி அதைச் சொல்லி, சட்ட மருத்துவ அதிகாரியிடம் அனுப்பக் கேட்க வேண்டும். வெளியே இருந்தால் அரச ஆஸ்பத்திரியில் அனுமதியாகி, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். "விழுந்துட்டன்" என்று பயத்தில் சொன்ன ஒரு வார்த்தை கட்டில் தலைப்பு அட்டையில் (நோயாளியின் விபரம் எழுதும் ஆஸ்பத்திரி அட்டை) ஏறிவிட்டால் பிறகு அழிக்க முடியாது.

சித்திரவதை இந்த நாட்டில் தனிக் குற்றம். 1994 இன் சட்டத்தில் குறைந்தது 7 வருடச் சிறை. அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், இந்தக் கெடு மிகவும் இறுக்கமானது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. முத்திரை குத்திய பிரதி இல்லாமல் அங்கிருந்து வராதீர்கள். அதை நம்பி இருக்காமல் சட்டத்தரணியையும் அதே கிழமை பாருங்கள்.

வழக்கு முடிந்த பிறகு

தண்டம் கட்டிய பற்றுச்சீட்டு, தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி, பிணைப் பணம் கட்டியிருந்தால் அதை மீளப் பெறும் விண்ணப்பம். இந்த மூன்றையும் முடிக்காமல் குழுவைக் கலைக்காதீர்கள். பிணைக் காசு திரும்பிவரும் என்பதே தெரியாமல் விட்ட குடும்பங்கள் உண்டு.

அதற்குப் பிறகும் யாராவது வீட்டுக்கு வந்து விசாரித்தால் திகதி, நேரம், வந்தவர் சொன்ன பெயர், கேட்ட கேள்வி என்று எழுதிவையுங்கள். வரச் சொல்லி அழைத்தால் எழுத்தில், தமிழில் தரச் சொல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம்.

வீட்டுக்குள் இருக்கும் பாரத்தையும் பாருங்கள். காணி அடகில் இருக்கும், அக்காவின் நகை போயிருக்கும், போய்ச் சேராதவன் என்ற பேச்சு காதில் விழும். நாலைந்து மாதத்துக்கு அவர் வெளியே வரமாட்டார். திரும்பத் திரும்ப எப்படி நடந்தது என்று கேட்காமல், வலை தைக்க, கோயில் வேலைக்கு, பிள்ளைகளுக்குப் பந்தடி பழக்கக் கூப்பிடுங்கள். நித்திரை இல்லை, பேச்சில்லை என்றால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு யாராவது ஒருவர் கூடவே போங்கள்.

கடைசியாக, அவருடைய பெயரும் படமும் உள்ள பதிவுகளை வைத்திருப்பதா அழிப்பதா என்று மறுபடியும் அவரிடம் கேளுங்கள். அழி என்றால், பகிர்ந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அழிக்கச் சொல்லுங்கள். கோப்பு, தவணைக் கொப்பி, கணக்குச் சீட்டுகள் எல்லாவற்றையும் மழைத் தண்ணீர் படாத பையில் கட்டி, அம்மாவிடம் அல்ல, அவர் கையில் கொடுங்கள்.